திரை நின்ற நேரங்கள்

மே 4, திங்கள்

இது என் ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் நோட்டு. பின்பாதி காலியாக இருந்தது. இன்றிலிருந்து இது கம்ப்யூட்டர் நோட்டு.

முதலில் பிரச்சினையை எழுதுகிறேன். என் அப்பா கேப்டன் ஜெயசீலன், எழுபது பேர் உட்காரும் இரட்டைக் காற்றாடி விமானம் ஓட்டுபவர். போன ஜூனில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து வலது கால் உடைந்தது. பதினோரு மாதமாக வீட்டில் இருக்கிறார். மார்ச்சில் மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டார். ஜூன் 9 ஹைதராபாத்தில், நிஜ விமானம்போலவே ஓட்டிப் பார்க்கும் பெரிய சிமுலேட்டரில் தேர்வு. அதில் தேறினால் ஜூன் 16 முதல் மறுபடியும் பயணிகளோடு பறப்பார். அதுவரை ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் பயிற்சி. கையால் ஓட்டும் ஸ்டிக், காலுக்கு பெடல், எல்லாம் வைத்திருக்கிறார்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் சரியில்லை.

"நல்லா போயிட்டிருக்கும்போது அப்படியே நின்னுடுது பெனி. பத்து செகண்ட், இருபது செகண்ட். திரும்பி வரும்போது ப்ளேன் வேற எங்கேயோ இருக்கு."

"நான் சரி பண்றேன்ப்பா," என்றேன். லீவில் படிப்பதற்கு வைத்திருந்த புத்தகங்கள் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டன.

எங்கள் இயற்பியல் டீச்சர் ஜெசிந்தா மிஸ் இரண்டு விதி சொல்வார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. இந்த நோட்டுக்கும் அதுவே விதி.

மே 5, செவ்வாய்

கம்ப்யூட்டர் ஒரு வினாடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதற்கு ஃப்ரேம் என்று பெயர். முப்பதுக்குக் கீழே போனால் கண்ணுக்குத் திக்கித் திக்கித் தெரியும். எங்கள் வீட்டு எண்: சென்னைக்கு மேலே 19. கடலுக்கு மேலே 34.

மேகத்தின் தரத்தைக் குறைத்தேன்: 24. அதை அப்படியே வைத்துவிட்டு நிழல்களைக் குறைத்தேன்: 29. கட்டடங்களைக் குறைத்தேன்: 33. கிண்டியில் பாதிக் கட்டடம் காணோம். அப்பா, "ட்ராஃபிக்கே இருக்காது, நல்லது" என்றார்.

மாலை அம்மா பாங்கிலிருந்து வந்ததும், "உள்ளே வர்றப்போ செருப்பைக் கழட்டணுமா, சீட் பெல்ட் போடணுமா?" என்று கேட்டார். அப்பா சத்தமாகச் சிரித்தார். அம்மா அவர் சிரிப்பதையே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 7, வியாழன்

மாலை 4.40. தூத்துக்குடியில் இறங்கும்போது நின்றதாம். சுமார் பதினைந்து வினாடி. நான் அப்போது காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. விமானம் ஓடுபாதைக்கு இடது பக்கம் உப்பளத்தில் கிடந்தது.

இனிமேல் நான் பக்கத்திலேயே உட்காரப்போகிறேன். அப்பா எனக்கு 'கோ-பைலட் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார். வேலையும் கொடுத்தார். விமானம் ஐநூறு அடி உயரத்துக்கு இறங்கும்போது நான் "ஃபைவ் ஹண்ட்ரட்" என்று சொல்ல வேண்டும். அவர் "செக்" என்று பதில் சொல்வார்.

"நீங்க பதில் சொல்லலைன்னா?"

"இன்னொரு தடவை கூப்பிடு."

"அதுக்கும் சொல்லலைன்னா?"

"ரெண்டு தடவை கூப்பிட்டு பதில் வரலைன்னா கன்ட்ரோலை நீ எடுத்துக்கணும். 'ஐ ஹேவ் கன்ட்ரோல்'னு சத்தமாச் சொல்லிட்டு எடுக்கணும். பக்கத்துல இருக்கறது சீனியரா, உன் வாத்தியாரா, எதையும் பார்க்கக் கூடாது. யோசிக்கவே கூடாது. யோசிக்கிற நேரத்துல தரை வந்துடும்."

"நிஜமாவே அப்படி நடக்குமாப்பா?"

"நடக்கிறதுனாலதானே விதி எழுதியிருக்கான்."

மே 10, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து, திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டேன். ஃப்ரேம் 38. அப்பா என் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

5.05 மணிக்கு நின்றது. பன்னிரண்டு வினாடி என்றார். நான் அப்போது பாத்ரூமில் இருந்தேன்.

மே 12, செவ்வாய்

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நங்கநல்லூர் மார்க்கெட் பக்கத்தில் ஷாகிரா அக்கா கடைக்குப் போனோம். அக்கா மூடியைத் திறந்து ஊதினார். தூசு பறந்து மூன்று பேருக்கும் தும்மல்.

"பாப்பா, இதுக்குள்ள ஒரு புறா வாடகைக்கு இருந்திருக்கு போல."

மூன்று மணி நேரம் சோதனை ஓட்டினார். கார்டு, மெமரி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் பாஸ். "சார், டப்பா நல்லா இருக்கு. இருபது செகண்ட் நிக்கணும்னா ஏதாவது ஒரு எர்ரர் எழுதி வெச்சிருக்கும். ஒண்ணுமே இல்ல."

"ஆனா நிக்குதேம்மா," என்றார் அப்பா.

"உங்க முன்னாடி மட்டும்தான் நிக்கும் போல. ஆளைப் பார்த்து வேலை செய்யுது."

அப்பா சிரிக்கவில்லை.

மே 13, புதன்

காலை 11.20. ஓட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "கருகற வாசனை வருது பார், ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!" என்றார். நான் உடனே மேஜைக்கு அடியில் புகுந்து பிளக்கைப் பிடுங்கினேன். மூடியைத் திறந்து ஒவ்வொரு ஒயராக மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. சமையலறையில் அடுப்பும் எரியவில்லை. எனக்கு எந்த வாசனையும் வரவில்லை.

வெளியே வந்து, "எதுவும் கருகலைப்பா" என்றேன். அப்பா கறுத்துப்போன திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மறுபடியும் நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

"நான்தானேப்பா பிளக்கைப் பிடுங்கினேன். நீங்கதானே ஆஃப் பண்ணச் சொன்னீங்க?"

"ஆமாமா," என்றார்.

திரை நின்ற நேரங்களின் அட்டவணையில் இதையும் சேர்ப்பதா என்று யோசித்தேன். சேர்த்தேன். எத்தனை வினாடி என்று தெரியாது என்று போட்டேன்.

மே 14, வியாழன்

வெயில் 41 டிகிரி. கார்டு 71 டிகிரி. டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டருக்கு வைத்தோம். மனிதர்களுக்கு இல்லை.

மே 17, ஞாயிறு

நல்ல யோசனை ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு வினாடியும் எத்தனை ஃப்ரேம் என்று தானாகவே எழுதி வைக்கிற ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. போட்டுவிட்டேன். இனி திரை நின்றால், அந்த வினாடிகளுக்கு நேராகப் பூஜ்யம் விழும். எந்த வினாடி, எவ்வளவு நேரம், எல்லாம் தெரிந்துவிடும்.

இனி தப்பிக்க முடியாது என்று கம்ப்யூட்டரிடம் சொன்னேன்.

மே 18, திங்கள்

நின்றது! 4.17க்கு. நான் அந்த நேரம் பார்த்து ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். "இப்போ, இப்போதான்" என்றார் அப்பா. மதுரைக்குப் பக்கத்தில் நானூறு அடி கீழே இறங்கியிருந்தது விமானம்.

ஓடிப்போய்ப் பதிவைத் திறந்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

4.17.01 — 38
4.17.02 — 38
4.17.03 — 39
4.17.04 — 38

இப்படியே கடைசிவரை. பூஜ்யம் எங்கும் இல்லை. முப்பத்தேழுக்குக் கீழே ஒரு எண்கூட இல்லை. ஆனால் ஸ்டிக்கின் அசைவுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. அதில் 4.17.05 முதல் 4.17.27 வரை ஒரே எண். இருபத்திரண்டு வினாடி ஸ்டிக் அசையவே இல்லை.

மென்பொருள் தப்பாக எழுதுகிறது போலிருக்கிறது. நாளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மே 19, செவ்வாய்

திரும்பப் போட்டேன். ஒரே நேரத்தில் நிறைய வீடியோக்களைத் திறந்து வேண்டுமென்றே கம்ப்யூட்டரைத் திணறடித்துச் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் சரியாகப் பூஜ்யம் எழுதியது.

மென்பொருளில் தப்பு இல்லை.

மே 24, ஞாயிறு

கம்ப்யூட்டர் சம்பந்தமாக எழுத எதுவும் இல்லை.

சர்ச்சிலிருந்து காரில் வரும்போது மடிப்பாக்கம் சிக்னலில் நின்றோம். அப்பா ஓட்டினார், அம்மா முன்னால், நான் பின்னால். பச்சை விழுந்தது. கார் கிளம்பவில்லை. பின்னால் ஹாரன். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "இன்னா சார், பச்சை கலர் புடிக்கலையா? வேற கலர் போடச் சொல்லவா?" என்று கத்தினார். மறுபடி சிவப்பு விழுந்தது.

"என்னங்க?" என்றார் அம்மா.

"ஒரு யோசனையா இருந்தேன்," என்றார் அப்பா.

வீடு வரும்வரை அம்மாவின் கை ஹேண்ட்பிரேக் மேலேயே இருந்தது. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

மே 26, செவ்வாய்

இன்று நான் நகரவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்துபோகவில்லை. மடியில் என் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

3.52. தூத்துக்குடி. கடல் பக்கமிருந்து ஓடுபாதையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா, "வாசனை வருதா?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்குமேல் பேசவில்லை.

நான் முதலில் திரையைப் பார்த்தேன். திரை நிற்கவில்லை. அலைகள் ஓடின. விமானத்தின் உள்ளே இருக்கும் கடிகாரத்தில் வினாடி முள் சுற்றியது. மேகத்தின் நிழல் தண்ணீர்மேல் போனது. எல்லாம் மிக அழகாக, ஒரு திக்கல் இல்லாமல் ஓடியது. 41 ஃப்ரேம். இவ்வளவு நன்றாக அது ஓடியதே இல்லை.

பிறகு அப்பாவைப் பார்த்தேன்.

வாயில் எதையோ மெல்லுவதுபோல் தாடை அசைந்தது. வாயில் ஒன்றும் இல்லை. இடது கைவிரல் சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தது. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

முப்பத்தொரு வினாடி.

அப்புறம் மூச்சை இழுத்துவிட்டு, "பார்த்தியா? மறுபடியும் நின்னுடுச்சு" என்றார்.

"ஆமாம்ப்பா," என்றேன்.

மே 27, புதன்

நான் ஏன் ஆமாம் என்றேன்?

மே 29, வெள்ளி

பதிவு செய்யும் மென்பொருள் கம்ப்யூட்டரில் இல்லை. பழைய பதிவுகளும் இல்லை.

"நான்தான் எடுத்தேன் பெனி. அதுதான் கம்ப்யூட்டரை ஸ்லோ பண்ணுது."

"அது மொத்தமே ரெண்டு பர்சென்ட்தான்பா எடுக்கும்."

"எடுத்துட்டேன்னு சொல்றேன்ல!"

அப்பா என்னிடம் குரலை உயர்த்துவது இதுதான் முதல் முறை. அவருக்கே அது ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடைக்குப் போய் எனக்கு மாம்பழ ஐஸ்கிரீம் வாங்கிவந்தார். இருவரும் பால்கனியில் நின்று சாப்பிட்டோம். ஒரு விமானம் தலைக்கு மேலே சக்கரத்தை இறக்கிக்கொண்டு போனது. அப்பா கரண்டியை வாயில் வைத்தபடி அது மறையும்வரை பார்த்தார். "பத்தொன்பது வருஷம்டா," என்றார்.

பதிவுகள் போனால் என்ன, எண்களை நான் இங்கே கையால் எழுதி வைத்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 3, புதன்

கிராபிக்ஸ் கார்டுக்கு வாரண்டி இருக்கிறதா என்று பார்க்க பீரோவில் ரசீதுகளைத் தேடினேன். எல்லாக் காகிதமும் ஒரே பச்சைக் கோப்பில்தான் இருக்கும். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, என் பிறப்புச் சான்றிதழ். கோப்பின் அடியில், விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம்.

நான் கால் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். 'தலையில் அடி, இரண்டு மணி நேரம் நினைவில்லை' என்று அதில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஐந்து வரி, எவை வந்தால் உடனே வரவேண்டும் என்று. மூன்றாவது: இல்லாத வாசனை தெரிவது. நான்காவது: கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் சில வினாடி வெறித்துப் பார்ப்பது. ஐந்தாவதை நான் படிக்கவில்லை. நரம்பியல் டாக்டரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கீழே இருந்தன.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண்ணை எழுதிக்கொண்டேன். கார்டின் ரசீது கிடைக்கவில்லை.

ஜூன் 5, வெள்ளி

ஹைதராபாத்துக்குப் பெட்டி கட்டியாகிவிட்டது. திங்கள் காலை கிளம்புகிறார். "கடைசியா ஒரு தடவை, கோ-பைலட் மேடம். தூத்துக்குடி," என்றார். ஒரு என்ஜின் அணைந்துபோனதாக வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். தேர்வில் இதைத்தான் கேட்பார்களாம்.

மிக நன்றாக ஓட்டினார். நெற்றியில் வியர்வை, ஆனால் விமானம் கோடு போட்டதுபோல் இறங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது. நான் நினைத்ததெல்லாம் தப்பாக இருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

"ஃபைவ் ஹண்ட்ரட்," என்றேன்.

பதில் இல்லை.

விரல் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஃபைவ் ஹண்ட்ரட்! அப்பா!"

உப்பளங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு பாத்தியும் தெரிந்தது. நான் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லிவிட்டு எட்டி ஸ்டிக்கைப் பிடித்தேன். அவர் கை அதன்மேல் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். எதிர்க்கவே இல்லை, தூங்குகிறவரின் கைபோல் இருந்தது. வேகத்தைக் கூட்டி மூக்கைத் தூக்கினேன். எனக்கு ஒழுங்காக ஓட்டத் தெரியாது. ஒரு என்ஜின்தானே, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. கடலில் விழுந்தோம்.

நாற்பது வினாடி. அவர் திரும்பி வந்தபோது திரையில் தண்ணீர்தான் இருந்தது.

"எழுபது பேர்ப்பா," என்றேன்.

அவர் என் கை ஸ்டிக்கில் இருப்பதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கார்டை மாத்தணும் பெனி. ஹைதராபாத்லேர்ந்து வந்ததும் மாத்திடலாம்."

மாலை, அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். அம்மா வாங்கவில்லை.

"கம்ப்யூட்டர் கோளாறை மனுஷன்மேல ஏத்தாத பெனினா."

"சிக்னல்ல நீங்களும் பார்த்தீங்கம்மா."

"பதினோரு மாசம் அந்த சோபாவுல அந்த மனுஷன் எப்படி உட்கார்ந்திருந்தாருன்னும் நான் பார்த்தேன். நீயும் பார்த்த. மறுபடியும் அப்படி உட்கார வைக்கணுமா? டாக்டருங்க பார்த்துதானே பாஸ் பண்ணியிருக்காங்க?"

"தலையில அடிபட்டதை அவங்ககிட்ட அப்பா சொன்னாரா?"

அம்மா இஸ்திரி போட்டு முடித்த சட்டைக் கையையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவைக் கூப்பிட்டாகிவிட்டது. அம்மாவையும் கூப்பிட்டாகிவிட்டது.

ஜூன் 6, சனி

அம்மா பாங்குக்குப் போனார். அப்பா ஷேவிங் கிரீம் வாங்கக் கடைக்குப் போனார், நடந்துதான். 10.10க்கு வீட்டு போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டேன். முதல் முறை தப்பான எண் போட்டேன்.

ஒரு அக்கா எடுத்தார். போன வருடம் ஜூனில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஜெயசீலனின் மகள் என்றேன். நோட்டை விரித்து வாசித்தேன். மே 7, பதினைந்து வினாடி. மே 10, பன்னிரண்டு. மே 13, எத்தனை வினாடி என்று தெரியாது, வாசனை உண்டு. மே 18, இருபத்திரண்டு. மே 26, முப்பத்தொன்று, வாசனை உண்டு. நேற்று நாற்பது.

"பெரியவங்க யாரும் இல்லையாம்மா?"

"இருக்காங்க."

"சரி, உடனே கூட்டிட்டு வரச் சொல்லு. வண்டி எதையும் ஓட்ட வேண்டாம்னு சொல்லு. என்ன வேலை பார்க்கிறாரு?"

"பைலட்."

அந்தப் பக்கம் யாரையோ அவசரமாகக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு, "லைன்லயே இரு கண்ணு, டாக்டர்கிட்ட குடுக்கறேன்" என்றார்.

ஏதோ ஒரு இசை ஓடியது. திரும்பிப் பார்த்தேன். அப்பா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் ஷேவிங் கிரீம் பை. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. போனைப் பிடுங்கிவிடுவார் என்று நினைத்தேன். நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் வந்துவிட்டார். "சொல்லும்மா. மொத்தம் எத்தனை தடவை?"

"ஆறு," என்றேன்.

அப்பா உள்ளே வந்தார். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். உடைந்த காலை நீட்டி, அதைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"சிக்னல்ல நின்னதையும் சேர்த்துக்கோ," என்றார்.

ஏழு என்று எழுதினேன்.

"ஏப்ரல்ல மூணு. நீ நோட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி." அவர் என்னைப் பார்க்கவில்லை, அணைந்திருந்த திரையைப் பார்த்துச் சொன்னார். "மார்ச்ல ஒண்ணு. மெடிக்கலுக்கு முந்தின நாள்."

மே 4-க்கு மேலே எழுத இடம் இல்லை. அட்டையின் உள்பக்கத்தில் எழுதினேன்.